புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன்...

உங்கள் வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாக வந்த விளையாட்டு ஒன்றை அதில் போட்டால், படம் விட்டுவிட்டு ஓடுகிறது. "கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார் கடைக்காரர். பல ஆயிரம் ரூபாய் செலவாகும். அவ்வளவு செலவழித்த பிறகும் படம் முன்போலவே தடுக்கினால் என்ன செய்வது? பணத்தைக் கொடுப்பதற்கு முன் கணினிக்குள் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோமா?

திரையில் நாம் காணும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. பரவலாகப் பயன்படும் திரையில் ஒரு வரிசைக்கு 1,920 புள்ளிகள். மொத்தம் 1,080 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள், 20,73,600 புள்ளிகள்! படம் சீராக ஓட விநாடிக்கு 60 படங்கள் வேண்டும் என்று கொண்டால், ஒரு விநாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறத்தைக் கணக்கிட வேண்டும். இதற்கென்றே அமைந்ததுதான் கிராஃபிக்ஸ் கார்டு. 2015-ல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 960 என்ற அட்டையில் 1,024 சிறிய கணக்கிடும் பகுதிகள் உள்ளன. அவை ஒரே சமயத்தில் வேலை செய்வதால்தான் இவ்வளவு வேகம் கிடைக்கிறது.

ஆனால் அட்டை தனியாக வேலை செய்வதில்லை. பந்து எந்தப் பக்கம் உருளுகிறது, எதிரி எங்கே நிற்கிறான் என்பனவற்றை முடிவு செய்வது மையச் செயலி. "இன்ன இடத்தில் இன்னதை வரை" என்று அது கட்டளை கொடுத்த பிறகே அட்டை வரையத் தொடங்கும்.

வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். சித்தாள் கல் எடுத்துக் கொடுக்கிறார். கொத்தனார் சுவர் எழுப்புகிறார். நிமிடத்துக்கு 4 கல் மட்டுமே கைக்கு வந்தால், 10 கல் வைக்கக்கூடிய கொத்தனாரும் 4 கல்தானே வைக்க முடியும்? செயலி மெதுவாக இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த அட்டையும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

தாமதம் யாரால் என்று எப்படி அறிவது? செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பல விளையாட்டுகளில் விநாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதைத் திரையில் காட்டும் வசதி உண்டு. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் ஏற்பாடு ஏதேனும் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பிறகு படத்தின் அளவை 1,280 × 720 ஆகக் குறையுங்கள். இப்போது புள்ளிகள் 9,21,600 மட்டுமே. அட்டையின் வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது; செயலியின் வேலையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், தாமதம் அட்டையால்தான். மாற்றினால் பலன் உண்டு. எண்ணிக்கை அசையவே இல்லை என்றால், குறை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது செயலியாகவே இருக்கும். அட்டைக்குச் செலவழிக்கும் பணம் வீண்!

அட்டைதான் காரணம் என்று தெரிந்துவிட்டதா? அடுத்து மின்சாரத்தைக் கவனியுங்கள். அட்டையைப் பொருத்தும் செருகுவாய் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகளுக்குத் தனிக் கம்பிகள் வேண்டும். 6 முனை உள்ள செருகி 75 வாட்டும், 8 முனை உள்ளது 150 வாட்டும் தரும். கணினியின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, பவர் சப்ளை பெட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். (அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம், உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.) 12 வோல்ட், 25 ஆம்பியர் என்று இருக்கிறதா? பள்ளியில் படித்த சூத்திரத்தை நினைவுகூருங்கள். 12 × 25 = 300 வாட். செயலி, விசிறி, அட்டை ஆகியவற்றின் தேவை பெரும்பாலும் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் விளையாட்டின் நடுவே கணினி திடீரென்று அணைந்துவிடக்கூடும்.

மூன்றாவதாகப் பாதையைப் பாருங்கள். அட்டைக்கும் கணினிக்கும் இடையே செய்திகள் பல தடங்களில் போய் வருகின்றன. 2022 ஜனவரியில் வெளிவந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்ற அட்டை 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைச் செருகுவாய் உள்ள புதிய கணினியில் இந்த 4 தடங்கள் விநாடிக்குச் சுமார் 8 ஜிகாபைட் கடத்தும். மூன்றாம் தலைமுறைச் செருகுவாய் உள்ள பழைய கணினியிலோ சுமார் 4 ஜிகாபைட்தான். அட்டையின் சொந்த நினைவகமான 4 ஜிகாபைட் நிரம்பி வழியும்போது, மீதியை இந்தக் குறுகிய பாதை வழியாகவே கணினியின் நினைவகத்திலிருந்து வரவழைக்க வேண்டும். படம் தடுக்காமல் என்ன செய்யும்? புதிய கணினியில் நன்றாக ஓடும் அட்டை, பழைய கணினியில் பின்தங்குவது இதனால்தான். ஆகவே அட்டையின் பெயரோடு அதன் நினைவகம் எவ்வளவு, தடங்கள் எத்தனை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு அடிக்கோலை எடுத்து, பெட்டிக்குள் எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். அட்டை உள்ளே நுழையாவிட்டால் மற்றக் கணக்கெல்லாம் எதற்கு?

இனி "எந்த அட்டை சிறந்தது?" என்று யாராவது கேட்டால், "எந்தக் கணினிக்கு?" என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள் அல்லவா?