மெய்ம்மறையும் மோட்டார் சைக்கிளும்

கவசத்தைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கிய சொற்களுள் ‘மெய்ம்மறை’ என்பதும் ஒன்று. உடலை மறைத்துக் காப்பது என்பது இதன் பொருள். பதிற்றுப்பத்துப் புலவர்கள் சேர வேந்தனை அவன்தன் வீரர்க்கு மெய்ம்மறையாக உருவகித்துப் போற்றுவர். ‘தோல்’ என்னும் சொல்லும் சங்க நூல்களில் கேடகத்தைக் குறித்து வழங்கும். போர்க்களம் புகுவோர் எதிரியின் படைக்கலம் யாது என்பதை எண்ணியே தமக்குரிய காப்பைத் தேர்ந்திருப்பர். இன்று மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்கு வரும் நம் மாணவர்கள் எதை எண்ணித் தலைக்கவசம் தேர்கின்றனர்? பெரும்பாலோர் நாற்சந்தியில் நிற்கும் காவலரை எண்ணியே தேர்கின்றனர். ஆனால், எதிரே நிற்பவர் காவலர் அல்லர். எதிரே கிடப்பது தார்ச்சாலை.

“நாம் மெதுவாகத்தானே செல்கிறோம், நமக்கேன் கவசம்?” என்று வினவுவார் உளர். வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. நின்ற வண்டி சாய்ந்து விழுந்தாலும், அவ்வுயரத்திலிருந்து தங்குதடையின்றி வரும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் அளவு வேகத்தை எய்தியிருக்கும். இது புவியீர்ப்பின் கணக்கு. வண்டியின் வேகம் இதில் சேரவில்லை.

தலைக்கவச வரலாற்றில் ஓர் இறப்பு குறிப்பிடத்தக்கது. முதல் உலகப் போர்க் காலத்தில் அரபு நாட்டுக் கிளர்ச்சியில் பங்குகொண்டமையால் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் தம் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் சென்றார். சைக்கிளில் வந்த இரு சிறுவர்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசமில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து 46ஆம் அகவையில் மறைந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தோருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். அவர் இதனை ஊழ் என்று விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் கவசத்தின் இன்றியமையாமையைக் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் தரைப்படையின் மோட்டார் சைக்கிள் வீரர்க்குக் கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அது சட்டமாக 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் இதனை வலியுறுத்துகிறது. 2019இல் செய்த திருத்தம் தண்டத்தை ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. 2008இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்போ, கவசம் இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கணித்தது.

இக்காப்பு எவ்வாறு நிகழ்கிறது? வெளி ஓடு கண்ணுக்குத் தெரிவது. உயிர் காப்பதோ அதனுள் உள்ள நுரைப்படலம். நாம் தெர்மாகோல் என வழங்கும் பொருளே செறிவு மிகுந்த வடிவில் அங்கே அமைந்துள்ளது. மோதும்போது அது நசுங்குகிறது. அவ்வாறு நசுங்கும் இரண்டொரு சென்டிமீட்டரில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைவதால் மூளைக்குச் செல்லும் அதிர்ச்சி தணிகிறது. நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஆகவே ஒருமுறை மோதலைத் தாங்கிய கவசம், ஓட்டில் கீறல் தெரியாவிடினும், தன் கடமையை முடித்துவிட்டது. சாலையோரக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றுள் சிலவற்றைப் புரட்டிப் பாருங்கள்: மெத்தென்ற பஞ்சும் துணியும் இருக்கும், நுரைப்படலம் இராது. அது கவசமன்று, கவசத்தின் படம். ஐஎஸ் 4151 என்னும் தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ளனவா எனக் காண்க. 2021 சூன் முதல் அம்முத்திரை இல்லாதவற்றைச் செய்வதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம்.

முகவாயையும் மூடும் முழுக்கவசமே சிறந்தது. முன்புறமாக விழுவோர் தாடையை அரைக்கவசம் காவாது. அணிந்தால் கன்னம் சற்றே அழுந்த வேண்டும். தலையை ஆட்டினால் கவசமும் உடன் ஆட வேண்டுமேயன்றித் தனியே சுழலலாகாது. வாரைப் பூட்டியபின் பின்னிருந்து முன்னோக்கித் தள்ளிப் பார்க்க, அது கழன்று வரலாகாது. அண்ணனுடைய கவசம் தம்பிக்குப் பொருந்தும் என்பது நம் வீடுகளின் சிக்கனம். தலைகளின் சுற்றளவு இந்த உறவை அறியாது.

வாரைப் பற்றி எழுதும்போது நம் கை சற்றே தயங்குகிறது. நம் மாணவர் ஒருவர் கவசம் அணிந்துதான் வந்தார். வார் பூட்டப்படவில்லை. வளைவில் வண்டி சறுக்கியபோது தலைக்கு முன்னே கவசம் உருண்டோடியது. சாலையோரத்தில் அது ஒரு கீறலும் இன்றிக் கிடந்ததை நாம் பார்த்தோம். மறுநாள் அசருக்குப்பின் அவருடைய ஜனாஸாத் தொழுகையில் நின்றோம். வாரைப் பூட்ட இரண்டு நொடி ஆகும்.

தலைக்கு அடுத்துக் கையும் காலும். விழுகின்றவன் எண்ணாமலே கையை ஊன்றுகிறான். ஆதலின் உள்ளங்கைத் தோலே முதலில் உரியும். விரல் முழுதும் மூடும் தோற்கையுறையும் கணுக்காலை மறைக்கும் காலணியும் அடுத்து வாங்கத்தக்கவை. மேலங்கி அதற்குப் பின்னர். பருத்திச் சட்டை சாலையில் உராய்ந்தால் கண்ணிமைப் பொழுதில் கிழியும். மலிவான நைலான் துணியோ உராய்வுச் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். மாட்டுத்தோலும் கெவ்லார் போன்ற வல்லிழைகளும் இவ்வுராய்வை நெடிது தாங்குவன. ஆனால் நம் கோடை வெயிலில் தோலங்கியை யார் அணிவர் என்பது நேர்மையான வினாவே. வலைப்பின்னல் போன்ற துணியால் ஆகி, தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் காப்புத் தகடுகள் வைத்த மேலங்கிகள் இதற்கென உள்ளன. காற்று உட்புகும், காப்பு தோலைவிடக் குறைவு, சட்டையைவிடப் பன்மடங்கு மிகுதி. ஐரோப்பியத் தர எண் 17092 இட்டவற்றில் ஏ, ஏஏ, ஏஏஏ என எழுத்து மிகமிகக் காப்பு மிகும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோல் காலணியாய்க் கடல் கடந்து செல்ல, அவ்வூர்ச் சாலைகளிலேயே இளைஞர் ரப்பர்ச் செருப்போடு வண்டி ஓட்டுவதைக் காண்கையில் ‘தோல்’ என்னும் சங்கச் சொல் நம் நினைவுக்கு வரும்.

பின்னிருக்கையில் அமரும் நம் தாய்மார், சகோதரியர் உடை தனியே கருதத்தக்கது. துப்பட்டா, புர்கா, சேலைத் தலைப்பு ஆகியவை சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் கழுத்தோடு இழுத்துவிடும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும், பின்னிருப்போர்க்குக் கைப்பிடியும் கால்தாங்கியும் வேண்டும் என்கிறது. அழகு கருதிச் சேலைக்காப்பைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டும் இளைஞர், அதே வண்டியில் தாயை ஏற்றிச் செல்வதைக் காண்கிறோம். முக்காட்டை விட வேண்டியதில்லை. தலையோடு ஒட்டிய மெல்லிய பருத்தித் துணியை ஊசியின்றி அணிந்து, அதன்மேல் கவசம் வைத்து, நுனிகளை மேலாடைக்குள் செருகிக்கொள்ளலாம். துணியின் பல மடிப்புகளோ, கெட்டியான தொப்பியோ, பின்கொண்டையோ உள்ளே இருந்தால் கவசம் சரியாக அமராது. கவசம் வாங்கும்போதே அத்துணியை அணிந்து அளவு பார்ப்பது நன்று. கைலியோடு ஓட்டுவோர்க்கும் சக்கரம் இரங்காது.

மோதலில் அடிபட்ட கவசத்தைப் பலர் வீட்டுப் பரணில் இடுவர், அல்லது பழைய பொருள் வாங்குவோரிடம் தருவர். அது துடைத்து மெருகிட்டு வேறொருவர் தலைக்குச் செல்லக்கூடும். கத்தரிக்கோலால் வாரை அறுத்த பின்னரே அதனை வெளியே எறிதல் வேண்டும்.