நகரத்துக்கு இரயில், நாட்டுப்புறத்துக்குக் கார்

முதன்முறை இத்தாலிக்குச் சென்று திரும்பிய எட்டாவது மாதம், எங்கள் கடன் அட்டைக் கணக்கில் நாற்பது யூரோவுக்கு ஒரு பற்று வந்திருந்தது. அட்டை மோசடி குறித்து நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை கூறும் நாங்கள், உடனே புகார் அளித்தோம். அது மோசடியன்று, எங்கள் பெயரையும் முகவரியையும் காவல்துறைக்குத் தெரிவித்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் எடுத்துக்கொண்ட சேவைக் கட்டணம் என்று விளக்கம் வந்தது. சில வாரங்களில் பதிவுத் தபாலும் வந்தது. ஃபுளோரன்ஸ் நகரில் ஒரே மாலையில் இரண்டு இடங்களில் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்ததற்கு இரண்டு அபராதங்கள். விடுதியைத் தேடி ஒரே வட்டாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த அந்த மாலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கண்ணுக்குத் தெரியாத வாயில்

இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில், மையப்பகுதிக்குள் வெளியார் வாகனம் ஓட்டிச் செல்லக் கட்டுப்பாடு உண்டு. இசட்-டி-எல் என்னும் மூன்றெழுத்துச் சுருக்கத்தால் அப்பகுதிகள் குறிக்கப்படுகின்றன. வாயிலில் காவலர் நிற்பதில்லை. தடுப்புக் கம்பமும் பெரும்பாலும் இருப்பதில்லை. சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகை ஒன்றும், வண்டி எண்ணைப் படமெடுக்கும் கேமரா ஒன்றும் மட்டுமே இருக்கும். மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிர்ந்தால், 'வாயில் இயங்குகிறது', அதாவது கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது என்று பொருள். வழி திறந்திருப்பதாக அதைப் புரிந்துகொண்டதே நாங்கள் செய்த பிழை. எங்கள் ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம் விதிக்கப்பட்டிருந்தது என்பதும் கடிதத்தைப் படித்த பிறகே விளங்கியது.

இரண்டாம் பயணம்

சென்ற ஆண்டு மீண்டும் புறப்பட்டபோது, எழுபத்து நான்கு வயதான அப்பாவும் அம்மாவும் உடன் வந்தனர். வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு, டஸ்கனியின் திராட்சைத் தோட்டங்களையும் ஆலிவ் தோப்புகளையும் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அவ்வூர்களில் பலவற்றுக்கு இரயில் இல்லை. முழங்கால் வலியோடு பேருந்து மாறிச் செல்லவும் அவரால் இயலாது. ஆகவே கார் தேவைப்பட்டது. ஆனால் நகரத்தில் ஓட்டுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்தோம்.

ஒன்பது நாள் பயணத்தில் ரோம், ஃபுளோரன்ஸ் ஆகிய நகரங்களுக்கென ஐந்து நாள்களை ஒதுக்கினோம். இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேர அதிவேக இரயில் பயணம். எஞ்சிய நான்கு நாள்களுக்கு மட்டுமே கார் எடுத்தோம். நகரத்தில் நிற்கும் காருக்கு வாடகையோடு நிறுத்துமிடக் கட்டணமும் சேரும். அவ்விரண்டும் எங்களுக்கு மிச்சமாயின.

காரை எடுத்ததும் ஒப்படைத்ததும் நகரின் விளிம்பில் உள்ள ஃபுளோரன்ஸ் விமான நிலையப் பகுதியில். நகர மையத்திலிருந்து அங்கு டிராம் வண்டி செல்கிறது. நாட்டுப்புறத்தில் தங்கி ஃபுளோரன்ஸைக் காண விரும்புவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேரடியாக நுழையக்கூடிய வில்லா கொஸ்தான்ஸா நிறுத்துமிடத்தில் காரை விட்டு, அங்கிருந்து டிராமில் அரை மணிக்குள் நகர மையத்தை அடையலாம்.

சியெனாவிலும் அவ்வாறே செய்தோம். மதிலுக்கு வெளியே சாந்தா கத்தரீனா நிறுத்துமிடத்தில் காரை விட்டோம். அங்கிருந்து மேட்டின்மீதுள்ள நகருக்கு நகரும் படிக்கட்டு உண்டு என்பதால் அப்பாவுக்கு ஏற்றம் ஒரு பொருட்டாகவில்லை. தெருவோரத்தில் நிறுத்தும்போது கோட்டின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்கோடு பொதுவாக இலவசம்; நீலம் கட்டணத்துக்கு உரியது; மஞ்சள் குறிப்பிட்டவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. விடுதி தடைப்பகுதிக்குள் இருந்தால், காரோடு வர அனுமதி பெற்றுத் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேட்டறிவது நலம்.

சாலையில்

அங்கு வாகனங்கள் வலப்புறம் செல்கின்றன, ஓட்டுநர் இருக்கை இடப்புறம், கியர் வலக்கையில். தானியங்கிக் கியர் வேண்டுமெனில் முன்பதிவிலேயே குறிப்பிட வேண்டும். முதல் அரை மணி நேரம் ஆளற்ற சாலையில் பழகிக்கொண்டோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம்" என்று நினைவூட்டினோம். வேக உச்சவரம்பு பொதுவாக நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110, ஊருக்குள் 50. சுங்கச் சாவடியில் 'டெலிபாஸ்' கருவிக்கென உள்ள மஞ்சள் தடத்தில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன்

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் பத்திரமும் தேவை. அதன் செல்லுபடிக் காலம் அதிகபட்சம் ஓராண்டு. அசல் உரிமமின்றி அது மட்டும் போதாது.

அடுத்தது பணம். முதன்மை ஓட்டுநரின் பெயரில் உள்ள கடன் அட்டையையே வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்கின்றன. பற்று அட்டையும் முன்பணம் ஏற்றிய அந்நியச் செலாவணி அட்டையும் பல இடங்களில் ஏற்கப்படுவதில்லை. பிணைத்தொகையாக ஒரு தொகை அட்டையில் நிறுத்திவைக்கப்படும். அது செலவன்று, ஆயினும் காரை ஒப்படைத்துச் சில நாள்கள் வரை உங்கள் கடன் வரம்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். மருத்துவம் போன்ற அவசரத் தேவைக்கென இரண்டாவது அட்டை ஒன்றை வைத்திருப்பது நன்று. முதியவர்களுடன் செல்வோர்க்கு இது இன்றியமையாதது.

இந்திய ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயங்கும் நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்கி, வரம்பையும் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். பணம் செலுத்தும்போது "ரூபாயா, யூரோவா?" என்று கருவி கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை எதிர்த்தரப்பே நிர்ணயிக்கும்; அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாகவே முடியும்.

விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு, காரில் ஏற்படும் சேதத்துக்கானதன்று. வாடகையோடு வரும் சேதப் பாதுகாப்பிலும், குறிப்பிட்ட தொகை வரை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். அத்தொகை எவ்வளவு என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் காரை நாற்புறமும் படமெடுத்து வையுங்கள்.

கடிதம் வந்தால்

வெளிநாட்டில் வசிப்போர்க்கு அபராத அறிவிப்பு அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள்கள் அவகாசம் தருகிறது. எனவே வாடகை ஒப்பந்தத்தையும் இரசீதுகளையும் ஓராண்டுக்கு மேல் பாதுகாத்து வையுங்கள். அறிவிப்பு கிடைத்த ஐந்து நாள்களுக்குள் செலுத்தினால் பெரும்பாலான அபராதங்களில் 30 விழுக்காடு தள்ளுபடி உண்டு. முதன்முறை, கடிதத்தை யாரிடம் காட்டிப் படிப்பது என்று தயங்கியே அச்சலுகையை இழந்தோம். கார் நிறுவனம் எடுத்தது சேவைக் கட்டணம் மட்டுமே. அதனால் அபராதம் தீர்ந்துவிடாது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

பியென்ஸா அருகே ஒரு சிற்றூர்ச் சாலையோரத்தில் அப்பா காரை நிறுத்தச் சொன்னார். ஆலிவ் தோப்பின் ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களால் உதிர்த்துப் பார்த்தார். "களிமண் பாங்கு. நீர் தேங்காத சரிவாகப் பார்த்து நட்டிருக்கிறார்கள்" என்றார். அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பின்னால் ஒலியெழுப்ப வாகனமும் இல்லை. பிடிக்க வேண்டிய பேருந்தும் இல்லை.

சென்ற மாதத்தோடு அந்த 360 நாள்கள் நிறைவடைந்தன. இதுவரை தபால் ஏதும் வரவில்லை. அட்டைக் கணக்கிலும் புதிய பற்று எதுவும் இல்லை.