மூலப்பாறை மதிப்பீடு: காவிரிப் படுகைக் களிப்பாறைகள்

பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும் உருவாகும் பாறை மூலப்பாறை எனப்படும். பெரும்பாலும் இது ஷேல் என்னும் களிப்பாறையாக இருக்கும். எண்ணெய் பின்னர் நகர்ந்து சென்று தங்கும் மணற்பாறை தேக்கப்பாறை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

பாறை கறுப்பாக இருந்தால் எண்ணெய் உண்டு என்று நிறத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது. விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கரிசல் மண்ணும் கறுப்புதான். ஆனால் இத்தகைய மண்ணில் கரிமம் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அதன் அடியில் இருப்பவையோ மிகப் பழைய படிகப் பாறைகள். அவற்றில் எண்ணெய் பிறக்க வழியில்லை. தமிழ்நாட்டில் அதற்குரிய இடம் காவிரிப் படுகை. காரைக்காலில் 1964இல் ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது. நரிமணத்தில் 1985இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. கிரெட்டேசியக் காலத்து ஆண்டிமடம் படிவுகளும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் இப்படுகையின் முக்கிய மூலப்பாறைகள்.

மதிப்பீட்டில் மூன்று கேள்விகள் உண்டு: கரிமம் எவ்வளவு, எந்த வகை, போதிய அளவு வெந்திருக்கிறதா? முதலாவதற்கு மொத்தக் கரிமக் கரியின் அளவு விடை தரும். 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் எனில் ஏழ்மையான பாறை; 1 முதல் 2 வரை நல்லது. மற்ற இரண்டுக்கும் பிரெஞ்சு பெட்ரோலிய நிறுவனம் 1970களில் உருவாக்கிய ராக்-எவால் சோதனை உதவுகிறது. சிறிதளவு பாறைத்தூளை ஆக்சிசன் இல்லாத சூழலில் படிப்படியாகச் சூடேற்றுவார்கள். சுமார் 300 பாகை செல்சியசில் வெளிவருவது ஏற்கெனவே உருவான எண்ணெய் (எஸ்1). மேலும் சூடேற்றக் கெரோஜன் என்னும் திடக் கரிமம் சிதைந்து தருவது எஸ்2. அது உச்சத்தை எட்டும் வெப்பநிலை டி-மேக்ஸ்.

ஒரு கணக்கு: இரு பாறைகளிலும் கரிமம் 2 விழுக்காடு. ஒன்று கிராமுக்கு 8 மில்லிகிராம் எஸ்2 தருகிறது, மற்றது 2 மில்லிகிராம். எஸ்2-ஐக் கரிமத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஹைட்ரஜன் குறியெண் 400, 100 என வரும். முன்னது எண்ணெய் தரும் வகை. பின்னது நிலத்தாவரங்களிலிருந்து வந்த, பெரும்பாலும் எரிவாயு தரும் வகை. ஆனால் முதற்பாறையின் டி-மேக்ஸ் 425 பாகை என்றால் அது இன்னும் வேகவில்லை. எண்ணெய்க்குத் தோராயமாக 435 முதல் 470 வரை வேண்டும்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. துளையிடும் சேற்றில் கலந்த எண்ணெய் எஸ்1-ஐ உயர்த்திக் காட்டும். பெரம்பலூர் அருகே காரைக் கிராமத்தில் வெளியே தெரியும் களிப்பாறை ஏறத்தாழச் சாத்தப்பாடிக் காலத்ததே. ஆயினும் வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்புப் பாறையில் கரிமம் சிதைந்திருக்கும். அதை வைத்து ஆழத்துப் பாறையை எடைபோடலாகாது. மிக அதிகம் வெந்த பாறையில் இன்று காண்பது எஞ்சிய கரிமமே. எனவே வளமாக இருந்த பாறையும் ஏழையாகத் தோன்றும். ஆகவே விட்ரினைட் துகளின் ஒளித் தெறிப்பையும் நுண்ணோக்கியில் அளந்து சரிபார்ப்பர்.

நல்ல மூலப்பாறை என்ற முடிவு, அங்கே தோண்டலாம் என்ற அனுமதி ஆகாது. காவிரிப் படுகையின் ஷேல் வளத்தை அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கையும் மதிப்பிட்டது. ஆனால் களிப்பாறையிலிருந்து நேரடியாக வாயு எடுக்க, பெருமளவு நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைக்க வேண்டும். பாசனத்தையே நம்பிய டெல்டாவில் இது உழவர்களின் வாழ்வாதாரக் கேள்வி. பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலத்திற்கான 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், அம்மண்டலத்தில் ஷேல் வாயு உள்ளிட்ட புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளைத் தடை செய்கிறது.