படிவம் சொன்னதும் பிள்ளை சொல்வதும்



இரண்டு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. உம்மாவின் மனம் பதறுகிறது. "அவன்ட வாப்பாவும் சுணங்கித்தான் பேசினார்" என்று உம்மும்மா தேற்றுகிறார். யாரோ கொடுத்த ஓட்டிசம் கேள்விப்படிவத்தை நிரப்பிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று வந்ததும் வீடே நிம்மதியடைகிறது. அந்த நிம்மதியை நம்பலாமா?

இரத்தினபுரியில் மாணிக்க மண்ணைக் கூடையிலிட்டு அலசுவதைப் பார்த்திருப்பீர்கள். கூடையில் எஞ்சுவதெல்லாம் மாணிக்கமல்ல. நல்ல கல்லொன்று கழிவோடு போய்விடுவதும் உண்டு. கேள்விப்படிவமும் அப்படியான ஓர் அலசல்தான். அது தீர்ப்பன்று.

உலகெங்கும் வழங்கும் 'எம்-சாட்' படிவம் 2001இல் அமெரிக்காவில் வெளியானது. 2014இல் திருத்தப்பட்ட படிவத்தில் 20 கேள்விகள் உள்ளன. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு உரியது. அந்நாட்டின் பிலடெல்பியாவில் ஏறத்தாழ 26,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. பின்னர் ஓட்டிசம் என உறுதியானோரில் நூற்றுக்கு 39 பேரையே படிவம் முன்கூட்டிக் காட்டியிருந்தது.

நம் நாட்டில்? பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினரின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளில் நால்வருக்கு ஓட்டிசம் இருந்தது. சிங்களத்தில் மொழிபெயர்த்த எம்-சாட் காட்டியதோ ஒருவரை மட்டுமே!

ஏன் இப்படி? பதில் சொல்பவர் தாய் அல்லவா? "பிள்ளை வேண்டியதைச் சுட்டிக் காட்டுமா?" என்று கேட்டால், "ஓ, காட்டுவான்" என்கிறோம். உண்மையில் அவன் நம் கையைப் பிடித்திழுத்துப் போய் சீனி டின்னின் மேல் வைக்கிறான். அது விரலால் சுட்டுவதாகாது. தோட்டப் பகுதியில் வாழும் தாயிடம், பழகாத மொழியில் எழுதிய படிவத்தை நீட்டினால் தவறு இன்னும் கூடும். இதை உணர்ந்தே, 2017இல் அதே பேராசிரியையின் குழு புகைப்படங்கள் கொண்ட படிவமொன்றை வெளியிட்டது.

படிவம் சந்தேகத்தைக் காட்டினாலும் கலங்க வேண்டாம். 2014ஆம் ஆண்டின் ஆய்வில், இரண்டாம் சுற்றுக் கேள்விகளின் பின்னும் சந்தேகம் நீங்காத பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே ஓட்டிசம் இருந்தது. ஆயினும் நூற்றுக்கு 95 பேருக்கு ஏதோவொரு வளர்ச்சிக் குறை அல்லது கவனிக்க வேண்டிய நிலை இருந்தது. ஆகவே வைத்தியரிடம் போன அலைச்சல் வீணாகாது.

சகோதரிகளே, படிவம் "ஒன்றுமில்லை" என்றாலும் உங்கள் மனம் ஒப்பவில்லையா? பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டுடன் குடும்ப நல மாதுவிடம் செல்லுங்கள். காதுகேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகளில் குழந்தை வைத்திய நிபுணரைக் காணக் கடிதம் கேளுங்கள். 18 மாதத்தில் பார்த்தவர்கள் 24 மாதத்தில் மறுபடி பாருங்கள்.

நாம் வளர்த்த விதத்தால் ஓட்டிசம் வருவதில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைக்காக துஆ கேட்கும் நாம், கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவும் வேண்டும். காத்திருந்து கழியும் மாதங்கள் பிள்ளையின் மாதங்கள் அல்லவா?