சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கும் பிள்ளைகள்

போன மாதம் பேராக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் மறித்துக் கேட்டார்: "ஐயா, எம்பையன் படிவம் மூணோட நின்னுட்டான். மோட்டார் சைக்கிளை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு மாட்டிடுவான். ஆனா கையில ஒரு சர்டிபிகேட்டும் இல்ல. அவன எங்கதான் கொண்டுபோய்ச் சேக்கிறது?"

இந்தக் கேள்விக்குச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பதிலைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன். "அது வெள்ளைக்காரன் சீமை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழர்களே. நமக்கும் அதில் பங்கு உண்டு.

அந்நாட்டு மத்திய அரசில் மொத்தமே ஏழு அமைச்சர்கள்தாம். அந்த எழுவரில் ஒருவரின் பொறுப்பு பொருளாதாரம், கல்வி, ஆராய்ச்சி மூன்றும் சேர்ந்த துறை. 2012-ஆம் ஆண்டு முடியும்வரை தொழிற்கல்வி பொருளாதாரத் துறையிடமும், பல்கலைக்கழகமும் ஆராய்ச்சியும் உள்துறையிடமும் பிரிந்து கிடந்தன. 2013 ஜனவரி முதல் நாள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். மாட்டுப் பண்ணையும் அங்கேதான், ஐன்ஸ்டைன் படித்த சூரிக் தொழில்நுட்பக் கழகமும் அங்கேதான்! 2019-இல் இத்துறையை ஏற்ற கீ பார்மெலான் என்பவர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த விவசாயி. மண்ணைத் தொட்டவர் கையில் கல்வியும் வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அங்கே படிவம் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்கிறான்? கட்டாயப் பள்ளியை முடித்ததும் மூவரில் இருவர் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். படிக்காத பிள்ளைக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு அல்ல அது. தச்சு, மின்சாரம், சமையல், வங்கி, மருத்துவமனை என்று இருநூறுக்கும் மேற்பட்ட தொழில்கள். பதினைந்து பதினாறு வயதில் ஒரு முதலாளியோடு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறை, மீதி ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. படிக்கிற காலத்திலேயே சம்பளம். முழுச் சம்பளம் இல்லைதான், ஆனால் வருடத்துக்கு வருடம் கூடும். இருபது வயது ஆகும்வரை ஆண்டுக்கு ஐந்து வாரம் விடுமுறை சட்டப்படி உண்டு. மூன்று அல்லது நான்கு வருடம் முடித்தால் நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ். மேலே படிக்க ஆசையா? தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போக அதற்கெனத் தனித் தேர்வு இருக்கிறது. கதவு சாத்தப்படுவதில்லை.

என்ன கற்றுக்கொடுப்பது என்று அமைச்சு தானாக எழுதிவிடுவதில்லை. அந்தந்தத் தொழில் சங்கங்கள் பாடத்தை வகுக்கின்றன; துறை அதற்குச் சட்ட வடிவம் கொடுக்கிறது; பொதுச் செலவில் கால் பங்கை மத்திய அரசு ஏற்கிறது. பள்ளியை நடத்துவதும் முதலாளி பயிற்சி தருகிறாரா, வெறும் எடுபிடி வேலை வாங்குகிறாரா என்று மேற்பார்வை பார்ப்பதும் மாநிலங்களின் வேலை. இந்த மேற்பார்வைதான் உயிர்நாடி என்பேன். இல்லாவிட்டால் பயிற்சி என்ற பேரில் பையன் கடை கூட்டிக்கொண்டு நிற்பான்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பதினாலு வயதிலேயே தொழிலைத் தேடச் சொல்வது சீக்கிரம்தான். மொழியும் பழக்கமும் இல்லாத குடியேறிகளின் பிள்ளைக்கு முதலாளி கிடைப்பதும் சிரமம். ஆயினும், 1983-க்குப் பிறகு அகதிகளாக அங்கே போய் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிய இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் பலர் இந்த வழியாகவே தொழில் கற்று முன்னேறியிருக்கிறார்கள்.

நம் பங்குக்கு வருவோம். அயல்நாட்டு வாணிபப் பேரம் பேசுவதும் இதே துறைதான். 2021 மார்ச் 7-இல் இந்தோனேசிய ஒப்பந்தத்தைச் சுவிஸ் மக்கள் வாக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டோடு ஏற்றார்கள். சண்டையெல்லாம் செம்பனை எண்ணெயைப் பற்றித்தான். காட்டையும் ஆளையும் கெடுக்காமல் உற்பத்தியானது என்ற சான்று இருந்தால்தான் வரிச் சலுகை. ஏற்கப்பட்ட சான்றுகளுள் ஒன்றான ஆர்.எஸ்.பி.ஓ. விதிகளில் தொழிலாளர் கூலியும், குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடையும் அடங்கும். 2025 ஜூன் 23-இல் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகள் மலேசியாவுடனும் ஒப்பந்தம் செய்தன. நீங்கள் அறுத்துப் போடும் குலையின் கதை பெர்ன் நகரத்து மேசையிலும் பேசப்படுகிறது, பார்த்தீர்களா!

அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். நம் நாட்டிலும் இதைப் போன்ற ஒன்று இருக்கிறது. எஸ்.எல்.டி.என். எனும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை, ஜெர்மனியைப் பார்த்து 2005-இல் தொடங்கியது. பெரும்பகுதி வேலையிடத்தில், மீதி பயிற்சி நிலையத்தில். முடித்தால் எஸ்.கே.எம். சான்றிதழ். மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. இதைக் கவனிக்கிறது. இங்கே தொழிற்பயிற்சி பல அமைச்சுகளிடம் சிதறிக் கிடக்கிறது: தொழிற்கல்லூரி கல்வி அமைச்சிடம், ஐ.எல்.பி. மனிதவள அமைச்சிடம், இளைஞர் பயிற்சிக் கழகம் இளைஞர் விளையாட்டு அமைச்சிடம். எந்த வாசலைத் தட்டுவது என்று தோட்டத்துப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. அது அவர்கள் குற்றமன்று.

போகும்போது பையனின் அடையாள அட்டை, பள்ளிச் சான்று இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, மாதப்படி எவ்வளவு, முடிவில் எந்த நிலைச் சான்றிதழ் என்று மூன்றையும் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். "கூட நீங்களும் வர்றீங்களா ஐயா?" என்றார் அந்த அம்மாள். வரும் திங்கட்கிழமை போகிறோம்.