கொட்டை எழுத்துக்குக் கீழே

2025 ஜனவரி 23. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இரும்பின் தொன்மை' என்ற நூலை வெளியிட்டார். முக்கியமான அறிவிப்பு ஒன்று வரப்போகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் ஊடகங்கள் காத்துக்கிடந்தன. சொல்லி முடித்த சில நிமிடங்களில் கைபேசிகளில் தலைப்பு ஓடியது: 5,300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் இரும்பு. சான்று கிடைத்த இடம், தாமிரபரணிப் படுகையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை.

நூலின் முதல் அத்தியாயத்தை யாரும் படித்து முடித்திருக்க முடியாத நேரத்திலேயே தீர்ப்புகள் குவிந்துவிட்டன. உலகத்துக்கே இரும்பைக் கொடுத்தவன் தமிழன் என்று ஒரு பக்கம். எல்லாம் அரசியல், இட்டுக்கட்டிய கதை என்று மறு பக்கம். இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்தது ஒரே ஒரு எண்தான்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது நூலுக்குள் இருக்கிறது. தொல்லியல் அறிஞர் கா. ராஜனும் மாநிலத் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும் எழுதிய நூல் அது. சிவகளைப் பரம்பில் மண்ணுக்கடியில் புதைந்திருந்த முதுமக்கள் தாழிகளைத் துறையினர் திறந்தபோது, உள்ளேயும் வெளியேயும் இரும்புப் பொருட்கள் கிடைத்தன. கூடவே கரித்துண்டுகளும் கிடைத்தன. காலம் கணித்தது இரும்பை அல்ல, அதோடு கிடந்த கரியை. வந்த விடையும் ஒற்றை ஆண்டு அல்ல, கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை. தலைப்புக்குப் போனது அந்த வரிசையின் மூத்த முனை.

இதில் மறைத்த சங்கதி ஒன்றுமில்லை. மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றுக்குப் போயின. ஒரே ஆய்வகத்தின் சொல்லை நம்பி நிற்கவில்லை என்பது, ஏளனம் செய்தவர்கள் அவசியம் படித்திருக்க வேண்டிய பகுதி. கொண்டாடியவர்கள் படித்திருக்க வேண்டியது வேறு. கரிமக் கணக்கு காட்டுவது மரத்தின் அந்தப் பகுதி வளர்ந்த காலத்தை. பல நூறாண்டு நின்ற மரத்தின் வைரப் பகுதியை எரித்திருந்தால், எரித்த நாளைவிட அத்தனை ஆண்டு முன்னே போய்விடும் கணக்கு. இந்தச் சிக்கல் தொல்லியலாளர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் ஓர் இடத்தின் தேதியை இன்னோர் இடத்தின் தேதியோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பார்கள்.

உலகின் முதல் இரும்பு எது என்ற சண்டையும் அப்படித்தான். எகிப்தில் கெர்சே என்ற இடத்துக் கல்லறைகளில் 1911-ல் கிடைத்த இரும்பு மணிகள் கி.மு. 3200-ஐ ஒட்டியவை. ஆனால் அவை விண்கல்லைத் தட்டிச் செய்தவை. தாதுவை உலையிலிட்டு இரும்பு எடுப்பது முற்றிலும் வேறு தொழில்நுட்பம். இந்தியாவிலேயே, உத்தரப் பிரதேசத்து மல்ஹார் முதலிய இடங்களை வைத்து இரும்பின் காலத்தைக் கி.மு. 1800 வரை கொண்டுபோனார் ராகேஷ் திவாரி. 2022-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அதைக் கி.மு. 2172-க்கு நகர்த்தியது. சிவகளை அதற்கும் அப்பால் எண்ணூறு முதல் ஆயிரத்து இருநூறு ஆண்டு தாவுகிறது. இவ்வளவு பெரிய தாவல் வியப்பையும் கேள்வியையும் ஒருசேர எழுப்பத்தான் செய்யும்.

இன்னொரு குழப்பத்தையும் பாருங்கள். 2021 செப்டம்பரில் இதே சிவகளையைப் பற்றி இதே முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். அன்றைய தலைப்பு, பொருநை எனும் தாமிரபரணி நாகரிகம் 3,200 ஆண்டுப் பழமையானது என்றது. இரண்டு தலைப்புகளை மட்டும் பார்த்த ஒருவருக்கு, நாலு வருஷத்துக்குள் இரண்டாயிரம் ஆண்டு எப்படிக் கூடியது என்ற சந்தேகம் வருவது இயல்பு. விடை எளியது. அன்று கணித்தது தாழி ஒன்றில் இருந்த நெல் உமியை. கிடைத்த காலம் கி.மு. 1155. இப்போது கணித்தது வேறு தாழிகளின் கரியை. இடுகாடு என்பது ஒரே நாளில் உருவாவதில்லை; தலைமுறை தலைமுறையாக அங்கே புதைத்திருக்கிறார்கள். இரண்டு வரியில் தீர்ந்துபோகும் சந்தேகம், அந்த இரண்டு வரி படிக்கப்படாததால் மோசடிக் குற்றச்சாட்டாக வளர்ந்துவிடுகிறது.

படிக்காமலே பேசுவது நெல்லைச் சீமையின் தனி வழக்கம் அல்ல. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எஸ். ஷியாம் சுந்தரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017 முதல் 2020 வரை ஃபேஸ்புக்கில் சுற்றிய 3.5 கோடிக்கும் மேற்பட்ட பொதுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சுட்டியோடு பகிரப்பட்டவற்றில் ஏறத்தாழ 75 சதவீதத்தை, பகிர்ந்தவர் திறந்தே பார்க்கவில்லை. 2024 நவம்பரில் இது வெளியானது. ஆஸ்திரேலியாவில் உல்ரிக் எக்கரும் மற்றவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலைப்பட வைக்கிறது: தலைப்பு கொஞ்சம் திசை திருப்பினால் போதும், முழுச் செய்தியையும் படித்தவர்கள்கூடத் தலைப்பின் சாயலிலேயே அதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

கொட்டை எழுத்தின் வலிமை இந்தப் பகுதிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, எளிய சொல்லும் பெரிய தலைப்புமாகச் செய்தியைப் பாமரர் கைக்குக் கொண்டுபோன சி.பா. ஆதித்தனாரின் சொந்த ஊர் திருச்செந்தூரை அடுத்த காயாமொழி. திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலர் 1957-ல் இடம்பெயர்ந்து வந்தது திருநெல்வேலிக்கு. பெட்டிக்கடை வாசலில் தொங்கும் பத்திரிகைப் போஸ்டரில் நாலே சொல் இருக்கும். மீதியை அறியக் காசு கொடுத்துப் பேப்பர் வாங்க வேண்டும். வாங்காதவர் டீக்கடை பெஞ்சுக்குப் போவார். அங்கே பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கமாகக் கை மாறும். உள்பக்கம் வைத்திருப்பவர், முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்துபவரிடம், "அண்ணாச்சி, முழுசா வாசிச்சுட்டுப் பேசுங்க, இங்க வேற போட்டிருக்கான்" என்பார். கைபேசித் திரையில் தலைப்புக்கு நேர் கீழே கருத்துப் பெட்டி இருக்கிறது. இடையில் அந்த இரண்டாவது ஆள் இல்லை.

படிக்காமல் பேசுவது ஏன் பெரிதாகப் படுகிறது என்றால், தாமிரபரணிக் கரை ஓர் அறிக்கைக்காக ஏங்கிக் கிடந்த கரை. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டை 1876-ல் ஃபெடோர் யாகோர் தோண்டினார்; கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-ல் மத்தியத் தொல்லியல் துறைக்காக தி. சத்தியமூர்த்தி தோண்டிய பிறகு நெடுங்காலம் அறிக்கை வரவே இல்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கதவைத் தட்டினார். மண்ணுக்குள் இருந்து எடுத்தது என்ன, அதன் காலம் என்ன என்று கேட்கவே இங்கே ஒருவர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அறிக்கை வந்திருக்கிறது. அதைத் திறக்காமல் விடுவது பெரிய இழப்பு.

முழுசாகப் படித்தால் கோபம் ஆறிவிடும், போராட்டக் குணம் மழுங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. தாமிரபரணித் தண்ணீர் வழக்கு அதற்கு நேர்மாறான உதாரணம். கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் உள்ள பெப்சி, கோக் ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுக்கக் கூடாது என்று மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்து, தடையையும் நீக்கியது. நீதிமன்றமே ஆற்றை விற்றுவிட்டது என்ற ஆத்திரம் தலைப்பிலிருந்து கிளம்பியது. செய்திக்குள் போனவர்களுக்குத்தான் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்ற விலை தெரிந்தது. உபரி நீரைத்தான் தருகிறோம் என்ற வாதமும் தெரிந்தது. மழை பொய்த்து, பயிர் காய்ந்திருந்த நேரத்தில் உபரி எது, அதை அளந்தவர் யார் என்று கேட்க அவர்களால் முடிந்தது. கேள்வியாகக் கேட்டால் அரசு பதில் சொல்லியாக வேண்டும். வசவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

படிக்க வைக்க வழி தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நார்வே அரசு ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே, தன் தொழில்நுட்பத் தளத்தில் 2017-ல் ஒரு சோதனை செய்தது. கட்டுரையிலிருந்து மூன்று கேள்வி. சரியாகச் சொன்னால்தான் கருத்துப் பெட்டி திறக்கும். 2020-ல் ட்விட்டர், திறக்காத செய்தியைப் பகிரப் போனவரிடம் முதலில் படிக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தது. தடுக்கவில்லை, கேட்டது மட்டும்தான். அந்தக் கேள்வியைக் கண்டவர்கள் செய்தியைத் திறப்பது 40 சதவீதம் கூடியதாக நிறுவனம் சொன்னது. தமிழ்ச் செய்தித் தளங்கள் இதைச் செய்து பார்க்கலாம். செலவு அதிகம் இல்லை. அதோடு, எண்ணைத் தலைப்பில் போடும் ஆசிரியர், அது கரியின் வயதா, உமியின் வயதா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். பழியை வாசகர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை.

தொல்லியல் துறை 2025-க்கு அறிவித்த அகழாய்வு இடங்களில் தூத்துக்குடி மாவட்டத்துப் பட்டினமருதூரும் தென்காசி மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூரும் உண்டு. அங்கிருந்தும் ஒருநாள் ஓர் எண் தலைப்பாக வரும். அப்போது தேட வேண்டியவை: கணித்த பொருள் எது, எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது, எத்தனை ஆய்வகங்கள் பார்த்தன, சொன்ன காலம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை. வழக்கமாக இவை மூன்றாவது, நாலாவது பத்தியில் இருக்கும்.