மடியில் துவளும் ராக்டால் பூனை: சென்னை ஃபிளாட்டுக்கு செட் ஆகுமா?

ஆபீஸ் முடிந்து கதவைத் திறந்தால் வாசலுக்கே வந்து நிற்கும். சமையலறை, ஹால் என எங்கே போனாலும் பின்னாலேயே வரும். தூக்கினால் முரண்டு பிடிக்காமல் துணிப் பொம்மை மாதிரி கையில் சாயும். 'இது பூனையா, நாய்க்குட்டியா?' என்று கேட்க வைக்கும் இந்தக் குணத்துக்காகவே ராக்டால் பூனைகளுக்கு ரசிகர்கள் அதிகம்.

அடையாறிலோ தி.நகரிலோ இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் உட்கார்ந்து 'நாமளும் ஒண்ணு வாங்கலாமா?' என்று யோசிக்கிறீர்களா? முதலில் இதைப் படிச்சிடுங்க. எந்தச் சாதுவான குணத்துக்காக ராக்டாலை வாங்குகிறோமோ, அதே குணம்தான் அதை முழுக்க நம்மை நம்பியே வாழ வைக்கிறது.

எங்கிருந்து வந்தது?

1960-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆன் பேக்கர் என்ற பெண் உருவாக்கிய இனம் இது. ஜோசஃபின் என்ற நீள்முடி வெள்ளைப் பூனையின் வாரிசுகளில் சாதுவானவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். தூக்கினால் துவண்டுவிடுவதால் 'துணிப் பொம்மை' என்ற பொருளில் ராக்டால் என்று பெயர் வந்தது.

கூடவே 'இதுக்கு வலியே தெரியாது' என்ற கதையும் பரவியது. அது சுத்தப் பொய். மற்ற பூனைகளுக்கு எப்படியோ அப்படித்தான் இதற்கும் வலிக்கும். எதிர்ப்புக் காட்டாததால் நமக்குத்தான் தெரிவதில்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், பின்னங்கால்களையும் தாங்கிப் பிடித்துத் தூக்கச் சொல்லிக் கொடுங்கள். ஆண் பூனை 7 முதல் 9 கிலோ வரை வளரும். முழு வளர்ச்சிக்கு 3-4 வருடம் ஆகும்.

சென்னை வெயில் தாங்குமா?

பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உடலை நக்கி ஈரமாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம்ம ஊர் புழுக்கத்தில் அந்த ஈரம் சீக்கிரம் காயாது. மேலே அடர்ந்த முடி வேறு.

ஏசி 24 மணி நேரமும் கட்டாயமில்லை. மயிலாப்பூர் பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை மாதிரி குளிர்ந்த தரை, மின்விசிறி, நிழல், இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் இருந்தால் பெரும்பாலான நாட்களைச் சமாளித்துவிடலாம். உண்மையான ஆபத்து, எல்லோரும் வேலைக்குப் போன மே மாத மதியத்தில் மூடிய ஃபிளாட்டில் கரண்ட் போவதுதான். வலை போட்ட ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அது எமர்ஜென்சி. உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

நிறம் ஏன் மாறுது?

ராக்டால் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். காது, முகம், வால், பாதம் ஆகிய இடங்களில் பிறகுதான் நிறம் ஏறும். நிறத்தை உண்டாக்கும் என்சைம், உடலின் குளிர்ச்சியான பகுதிகளில் மட்டுமே நன்றாக வேலை செய்வதுதான் காரணம். அதனால் சூடான ஊரில் வளரும் பூனை கொஞ்சம் வெளிறியே இருக்கலாம். அது நோயில்லை.

தயிர் சாதம் போதுமா?

போதாது. சைவ வீடுகளில் இதை முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பூனை கட்டாய மாமிச உண்ணி. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து உணவில் கிடைக்காவிட்டால், காலப்போக்கில் கண் பார்வையும் இதயமும் பாதிக்கப்படும். 'எங்க வீட்டில் கறி சமைக்க மாட்டோம்' என்றால், பூனைகளுக்கான முழுமையான பாக்கெட் உணவு ஒரு வழி. அதுவும் முடியாது என்றால் பூனை வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம்: காய்ச்சல் மாதிரி தெரிந்தாலும் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும். பொக்கேயில் வரும் லில்லிப் பூக்கள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். நம் மாநில மலரான செங்காந்தளும் விஷம்தான்.

தனியா விட்டுட்டுப் போகலாமா?

அடையாறிலிருந்து ஓஎம்ஆர் ஆபீஸுக்குப் போய்த் திரும்ப 11 மணி நேரம் ஆகிறது என்றால், மனிதர்களோடு ஒட்டியே இருக்க விரும்பும் பூனைக்கு அது நீண்ட தனிமை. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் பிரச்சினை பாதி குறையும். இல்லையென்றால் காலையும் மாலையும் விளையாட நேரம் ஒதுக்குங்கள். வெளியே அவிழ்த்துவிடும் பூனை இது இல்லை. பால்கனிக்குக் கட்டாயம் வலை வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை முடியைச் சீவிவிட வேண்டும்.

வாங்கும் முன் என்ன கேட்கணும்?

- தாய்ப் பூனையை நேரில் பார்க்க வேண்டும். 'போட்டோ மட்டும்தான்' என்றால் விலகிவிடுங்கள்.
- நீலக் கண் இருப்பதாலேயே ராக்டால் ஆகிவிடாது. சயாமீஸ், இமாலயன் பூனைகளுக்கும் நீலக் கண்தான். பெற்றோரின் பதிவுச் சான்றைக் கேளுங்கள்.
- இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் இந்த இனத்தில் உண்டு. அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2007-ல் கண்டறியப்பட்டது. பெற்றோருக்கு அந்த டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். டெஸ்ட் நல்லபடியாக வந்தாலும் வருடாந்திர இதயப் பரிசோதனை அவசியம்.
- தடுப்பூசி அட்டை கையில் வர வேண்டும். ரேபிஸ் ஊசி போட்டதும் சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

அவசரத்துக்கு எங்கே ஓடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வீட்டுப் பக்கத்து கிளினிக் ஒன்று, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று என இரண்டு இடங்கள் உங்கள் போனில் சேவ் ஆகியிருக்கட்டும்.

ராக்டால்தான் வேணுமா?

கொஞ்சும் குணம் ஒரு இனத்துக்கு மட்டும் சொந்தமில்லை. குட்டியாக இருக்கும்போதே மனிதக் கை பழகினால், நம்ம தெரு நாட்டுப் பூனையும் மடியில்தான் தூங்கும். வெயிலும் அதற்குப் பழகியது. கிண்டி ப்ளூ கிராஸ் மாதிரியான காப்பகங்களில் தத்தெடுக்கவும் முடியும். எந்தப் பூனையாக இருந்தாலும் இது 12 முதல் 15 வருட உறவு. வேலை மாறும், வாடகை வீடு மாறும், கல்யாணம் நடக்கும். அத்தனையிலும் அதைக் கூடவே வச்சுக்க முடியுமா என்று வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு, அப்புறம் பெயர் யோசிங்க.